மரை தெரிகிறது

விழாவுக்குத் தலைமை தாங்கி நடு நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெரிய டாக்டர் அவர்களே, அவருக்கு இருபுறமும் வெள்ளுடையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே, ஊசியைக் கண்டால் நடுங்கினாலும் இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தப் படியேறி வந்துகொண்டிருக்கும் பெரியோர்களே, தம் பல்வலியைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பிள்ளையின் பல்லுக்கு முதலில் சீட்டு வாங்கிய தாய்மார்களே, என்னோடு ஒரே கூரையின் கீழ் நின்று நின்றே கால் வீங்கிய சக ஊழியர்களே, காத்திருக்கும் அறையில் "இன்னும் எத்தனை பேரு?" என்று கேட்டுக் கேட்டே எனக்குப் பழக்கமான அன்பர்களே: அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பின்னால் கேட்கவில்லையா? சரி, மைக்கை இறக்கிக்கொள்கிறேன். என் உயரத்துக்கு யாரும் மைக் வைத்ததில்லை. வைக்க வேண்டிய வேளையும் வந்ததில்லை.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது. குரல் தெரியும். "வாயைத் திறங்க. கடிச்சுக்குங்க. அசையாதீங்க. முடிஞ்சுது, எழுந்திருங்க." பத்தொன்பது ஆண்டுகளாக இந்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் இந்த நான்கு வாக்கியங்களைத்தான் பேசினேன். ஐந்தாவது வாக்கியம் ஒன்று இருந்தது. அதைப் பேசாமல் விட்டேன். பேசாமல் விட்டதைப் பேசத்தான் இன்று இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல வார்த்தை கைவசம் இல்லை. உள்ள வார்த்தை இருக்கிறது, உறைக்கும் வார்த்தை இருக்கிறது, உள்ளத்தை உறங்கவிடாத வார்த்தை இருக்கிறது. அது போதுமா? போதாதென்றால் இப்போதே இறங்கிவிடுகிறேன். இல்லையா? பேசவா? நன்றி, தாயே.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பதாகையைப் பாருங்கள். "பத்தாயிரம் இம்ப்ளான்ட் பற்கள்." எழுத்து பெரிது, எண் அதைவிடப் பெரிது. விழுந்த பல்லின் இடத்தில், தாடை எலும்புக்குள் ஒரு டைட்டானியம் திருகாணியை முடுக்கி, அதன் தலையில் பல்லை மாட்டுகிறோமே, அதுதான் இம்ப்ளான்ட். பத்தாயிரம் முடுக்கினோம். மறுக்கவில்லை. ஆனால் பெரியோர்களே, முடுக்கியது பத்தாயிரம் என்று எழுதியவர்கள், இன்று அவற்றில் எத்தனை எலும்பில் நிற்கின்றன என்று ஏன் எழுதவில்லை? எண்ணவில்லையா? எண்ணத் தோன்றவில்லையா? எண்ணினால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துபோயிற்றா?

கைதட்ட வேண்டாம். இது கைதட்டும் கதையல்ல.

கதையில் இரண்டே பெண்கள். ஒருத்தி நான். மற்றவர் என் நாத்தனார், என் கணவருக்கு மூத்தவர். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி போட்ட சின்ன அறை, மேசையில் மைக், சுவரில் நேர அட்டவணை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று காலை முதல் மாலை வரை அவர் சொல்லச் சொல்ல, ஒரு நிலையமே மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகரும். எங்கள் குடும்பத்தில் அவருக்கு மைக்கு என்று பெயர். மைக் இல்லாத இடத்திலும் அது பொருந்தும்.

நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம், சாப்பாடு பரிமாறிக்கொண்டே, "பலம் வேணுமா அக்கா?" என்று கேட்டேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "பலம் எங்கிட்ட நிறையவே இருக்கு. பழம் இருந்தா வை" என்றார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அன்றைக்கு உள்ளே விழுந்த முள் அங்கேயே கிடந்தது. இவ்வளவு அற்பமாக என்று கேட்கிறீர்களா? குடும்பத்தில் பெரிய பகைகள் எல்லாம் பெரிய காரணத்தாலா வருகின்றன?

அவருக்கு ஐம்பத்திரண்டு வயதில் கீழ்ப்பற்கள் ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டன. ஈறு நோய். சர்க்கரையும் இருந்தது. மைக்கில் "புறப்படத் தயாராக" என்று சொல்லும்போது காற்று கூடவே வந்தது. பயணிகள் சிரித்தார்கள். ஒரு டிரைவர் அவரைப் போலவே பேசிக் காட்டினார். கண்ணாடிக்குள்ளிருந்து எல்லாம் தெரியும் அல்லவா? வாழ்நாளில் முதல் தடவையாக என்னிடம் ஒரு உதவி கேட்டு வந்தார். "உன் ஆஸ்பத்திரில நல்ல டாக்டர் யாரு?"

பெரிய டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். ஐயா அவர்களின் கை பொன்னான கை. அதை இந்த மேடையில் மட்டுமல்ல, எந்த மேடையிலும் சொல்வேன். கீழ்த்தாடையில் நான்கு திருகாணி. அதன்மேல் வளைவாக ஒரு முழுப் பல்வரிசை. மாட்டி முடித்ததும் கண்ணாடியைக் கையில் கொடுத்து டாக்டர் சொன்னார்: "இனிமே இது உங்க சொந்தப் பல்லு மாதிரிம்மா. சொத்தை வராது, வலி வராது. மறந்துட்டு நிம்மதியா இருங்க."

என் நாத்தனார், சொன்ன பேச்சைக் கேட்கும் மனிதர். மறந்துவிட்டார்.

தாய்மார்களே, கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். சொத்தை வராது, உண்மை. உலோகத்தில் என்ன சொத்தை வரும்? ஆனால் அந்த உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது உலோகமா? உங்கள் எலும்பு. உயிருள்ள எலும்பு, உண்ணும் உணவுக்கும் உடம்பின் சர்க்கரைக்கும் ஊதும் புகைக்கும் பதில் சொல்லும் எலும்பு. பல்லுக்கு அடியில், ஈற்றின் ஓரத்தில், துலக்காமல் விட்ட அழுக்கு படலமாகப் படியும். படலம் தங்கினால் ஈறு சிவக்கும். தொட்டால் ரத்தம் கசியும். அந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு தேறிவிடும். விட்டால் அழற்சி கீழே இறங்கும். அது இறங்க இறங்க எலும்பும் கூடவே இறங்கும். இறங்கிய எலும்பு சும்மா திரும்பி வராது.

வலிக்காதா என்கிறீர்கள். அதுதான் இதில் உள்ள கொடுமை. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. கொஞ்சம் அழுத்தினாலும் அது முறையிடும். திருகாணிக்கு அது இல்லை. நேரே எலும்போடு எலும்பாக நிற்கிறது. பாதி எலும்பு போன பிறகும் மீதிப் பாதி இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆடாது, வலிக்காது, அழைக்காது.

ஆனால் படத்தில் தெரியும். எனக்குத் தெரியும்.

திருகாணியைச் சுற்றி வரிவரியாக ஓடுகிறதே, அதை மரை என்கிறோம். பல் மாட்டிய அன்று எடுக்கும் படத்தில் மரை எல்லாம் எலும்புக்குள் புதைந்திருக்க வேண்டும். முதல் வருடம் எலும்பு இடம் பார்த்து உட்காரும், சற்று இறங்கும். அதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் வருடா வருடம் இறங்கிக்கொண்டே போனால், அது எச்சரிக்கை. என் நாத்தனாருக்கு முதல் வருடப் படம் நன்றாக இருந்தது. மூன்றாம் வருடம், திருகாணித் துளையை அடைத்திருந்த மூடி ஒன்று தளர்ந்தது என்று வந்தார். நான்தான் படம் எடுத்தேன். கடைசி இரண்டு திருகாணிகளிலும் எலும்பைவிட்டு வெளியே இரண்டு இரண்டு மரை தெரிந்தது. எலும்பு கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது.

படத்தை எடுத்துக்கொண்டு நடைவழியில் டாக்டரை நிறுத்தினேன்.

"ஐயா, மரை தெரியுது."

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஆடுதா?"

"ஆடல."

"வலிக்குதுன்னு சொன்னாங்களா?"

"இல்லைங்க ஐயா."

"அப்புறம் என்னம்மா? நல்லா உறுதியாத்தான் இருக்கு. அடுத்த ஆளை அனுப்பு."

அனுப்பினேன். என் வேலை அதுதானே. படம் எடுப்பது என் வேலை. பார்ப்பது அவர் வேலை. இடையில் பேசுவது யாருடைய வேலை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்த ஞாயிறு மதியம் அவர் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவர் மாப்பிள்ளை இருந்தார், சம்பந்தி இருந்தார். இடமும் நேரமும் பார்க்கத் தெரியாத நான் அங்கே ஆரம்பித்தேன். "அக்கா, உங்க பல்லுக்கு அடியில எலும்பு குறையுது. துலக்கும்போது ரத்தம் வருதா? சர்க்கரை எவ்வளவு இருக்கு? வேற ஒரு டாக்டர்கிட்டயும் காட்டிடுவோம்."

அவர் கை கழுவினார். துண்டில் துடைத்தார். பிறகு, நிலையம் முழுக்கக் கேட்கும் அந்தக் குரலில், நிதானமாகச் சொன்னார்: "நான் நாலு பேரு முன்னாடி சிரிக்கிறது உனக்குப் பொறுக்கல. படம் பிடிக்கிறவ நீ. டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுச்சாக்கும்."

சம்பந்தியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். என் கணவர் ரசத்தைப் பார்த்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இதுவரை சொன்னதில் என்மேல் என்ன குற்றம்? ஒன்றுமில்லை. இங்கேயே நிறுத்தினால் நான் நல்லவள். நிறுத்த முடியாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி வந்தார். ஈறு வீக்கம் என்று. "கடிச்சுக்குங்க. அசையாதீங்க." படம் எடுத்தேன். நான்கு மரை தெரிந்தது. ஐந்தாவது அரைகுறையாக எட்டிப் பார்த்தது. அவர் ஈயக் கவசத்தைக் கழற்றிக்கொண்டே, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். பெரியோர்களே, அவர் கேட்டார். அவராகவே கேட்டார். அந்தச் சின்ன அறையில் மாப்பிள்ளை இல்லை, சம்பந்தி இல்லை, நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"டாக்டர் சொல்வாருக்கா. நான் படம் பிடிக்கிறவதானே" என்றேன்.

மனசுக்குள் என்ன சொன்னேன் தெரியுமா? "விழட்டும்."

சொல்லிவிட்டேன். சபையில் சொல்லிவிட்டேன். டாக்டர் அன்று வீக்கத்துக்கு மாத்திரை எழுதினார். வீக்கம் வடிந்தது. எலும்பும் வடிந்துகொண்டே இருந்தது.

துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. "சுருக்கமாக முடிக்கவும்." ஐந்து நிமிடம் ஆகிவிட்டதாம். பத்தொன்பது வருடம் மௌனமாக இருந்தவளுக்கு ஐந்து நிமிடம் கணக்காகத்தான் கொடுத்திருக்கிறீர்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் நிற்கும் பிள்ளைகளை உட்காரச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறதாம்.

ஏழாவது வருடம். பேருந்து நிலையத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, மைக் முன்னாலேயே, வாய்க்குள் ஒரு கசப்பு. சீழ். நாக்கால் தள்ளிப் பார்த்திருக்கிறார். மொத்தப் பல்வரிசையும் ஒரு பக்கம் எழும்பியிருக்கிறது. ஒரு வண்டியின் பெயரைப் பாதியில் நிறுத்தி, மைக்கை அணைத்துவிட்டு, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நேரே என் எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றார். டாக்டரிடம் போகவில்லை. என்னிடம் வந்தார்.

டாக்டர் தொட்டதும் பின்பக்கத் திருகாணிகள் இரண்டும் கையோடு வந்துவிட்டன. முடுக்க ஒரு மணி நேரம் ஆனதை எடுக்க ஒரு நிமிடம் ஆகவில்லை. மற்ற இரண்டையும் ஒரு மாதத்தில் எடுத்தார்கள். வேறோர் ஊரில் ஒரு தாடை அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் போனோம். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இங்க இனிமே முடுக்க இடமில்லம்மா. தாடை ஓரம் முட்டை ஓடு மாதிரி மெலிஞ்சிருக்கு. தொட்டா தாடையே முறியலாம்" என்றார்.

இப்போது கழற்றி மாட்டும் பல்தகடு போட்டிருக்கிறார். பிடிப்பதற்கு மேடு இல்லாததால் நாக்கு புரளும்போதெல்லாம் தகடும் புரளும். அவரே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார். அதே நிலையத்தில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பைகளையும் குடைகளையும் வைக்கும் அறையில் இப்போது அவருக்கு வேலை. யாரும் பேச வேண்டியதில்லை. வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

திருகாணி எடுத்த அன்று, பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார்: "அப்பவே தெரிஞ்சுதா உனக்கு?"

"தெரிஞ்சுதுக்கா."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை சொன்னேன்ல."

தலையாட்டினார். சொன்னது அவருக்கும் ஞாபகம் இருந்தது. பிறகு கேட்டார்: "ரெண்டாவது தடவை ஏன் சொல்லல?"

அந்தக் கேள்வியை உங்கள் முன்னாலும் வைக்கிறேன், சபையோரே. முதல் தடவை சொல்வது கடமை. அதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். அவமானப்பட்ட பிறகு, வாயடைக்கப்பட்ட பிறகு, அதே வாசலில் போய் நின்று இரண்டாவது தடவை சொல்கிறோமே, அதற்குத்தான் மனுஷத்தனம் வேண்டும். டாக்டரிடம் இரண்டாவது தடவை சொல்லவில்லை, வேலைக்குப் பயந்து. நாத்தனாரிடம் இரண்டாவது தடவை சொல்லவில்லை, வீம்புக்கு. பயத்துக்கும் வீம்புக்கும் நடுவே ஒரு பெண்ணின் தாடை கரைந்தது.

இந்த மேடையில் இதைச் சொல்லலாமா என்று போன வாரம் அவரிடம் போய்க் கேட்டேன். குடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். தகட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "சொல்லு. பேரு மட்டும் வேண்டாம். ஆனா நீ மனசுல என்ன நெனச்சியோ, அதையும் சேத்துச் சொல்லணும். அத விட்டுட்டு டாக்டரை மட்டும் திட்டிட்டு வந்தேன்னா, என் வீட்டு வாசப்படி ஏறாதே." அதனால்தான் நிறுத்த முடியாது என்றேன். நான் சொல்லாமலே அவர் அதைத் தெரிந்து வைத்திருந்தார். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மன்னித்தாரா என்று யாரோ முன்வரிசையில் கேட்கிறீர்கள். இல்லை, அம்மா. மன்னிக்கவில்லை. வாசப்படி ஏறவிடுகிறார். அவ்வளவுதான்.

அதன் பிறகு நான் ஒன்று செய்தேன். இம்ப்ளான்ட் வைத்த யார் படம் எடுக்க வந்தாலும், அலமாரியிலிருந்து அவர்களுடைய முதல் படத்தைத் தேடி எடுத்து, புதுப் படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டையும் பாருங்க. எலும்பு எங்க இருந்துது, எங்க இருக்கு, பாருங்க. பாத்துட்டு டாக்டரைக் கேளுங்க" என்று சொல்லி அனுப்பினேன். நான்கு மாதத்தில் நாற்பத்தொரு பேருக்கு எலும்பு இறங்கியிருந்தது. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு மரைதான். சுத்தம் செய்து, பல்லிடுக்கு பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, அவர்களில் முப்பத்தைந்து பேருக்கு ஈறு தேறி ரத்தம் கசிவது நின்றது. நிற்கும் என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சபையோரே. மூன்றாம் வருடத்தில் என் நாத்தனாருக்கும் அதே இரண்டு மரைதானே.

ஐயா என்னைக் கூப்பிட்டார். "யாரைக் கேட்டு இதெல்லாம் செய்யறேம்மா? பேஷண்டுங்க பயப்படறாங்க."

"பயப்படட்டும் ஐயா" என்றேன்.

"நாளைலருந்து வேண்டாம்" என்றார்.

மறுநாளும் செய்தேன். அதற்கு மறுநாளும் செய்தேன். மூன்றாம் வாரம், எனக்கு ஓய்வு ஒரு வருடம் முன்னதாகவே வந்துவிட்டது என்று கடிதம் வந்தது. இந்த விழாவில் எனக்கொரு நினைவுப் பரிசும் உண்டு என்று அதிலேயே எழுதியிருந்தது. ஐயா தலையைக் குனிந்திருக்கிறார். குனிய வேண்டாம், ஐயா. குனிய வேண்டுமென்றால் நானும் பக்கத்தில் வந்து குனிய வேண்டும்.

ஆகவே, நாளைக் காலை அந்த அறையில் நான் இருக்க மாட்டேன். இரண்டு படத்தையும் எடுத்து வைக்க ஆள் இருக்காது. கேட்க வேண்டியவர்கள் நீங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், குரலை உயர்த்திக் கேளுங்கள், கொடுக்கும் வரை கேளுங்கள். பல் ஆடுகிறதா என்று அவர்கள் கேட்டால், எலும்பு இறங்குகிறதா என்று நீங்கள் கேளுங்கள். வலிக்கிறதா என்று அவர்கள் கேட்டால், மரை தெரிகிறதா என்று நீங்கள் கேளுங்கள். மறந்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால், மாட்டேன் என்று சொல்லுங்கள்.

ஒரே ஒரு வேலை. இங்கே இம்ப்ளான்ட் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கையைத் தூக்குங்கள். மேடையில் இருப்பவர்களும்தான்.

எத்தனை கைகள். பாதி மண்டபம்.

இறக்காதீர்கள். தம்முடைய முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள் மட்டும் கையை அப்படியே வைத்திருங்கள். மற்றவர்கள் இறக்கலாம்.

ஆறு. ஏழு. அந்தத் தூணுக்குப் பக்கத்தில் ஒன்று, எட்டு. எட்டுக் கைகள். இவ்வளவு பெரிய மண்டபத்தில் எட்டுக் கைகள்.

மேடையிலும் ஒரு கை உயர்ந்தது. உயர்ந்த கை இறங்கியது. பார்த்தேன். ஐயா, உங்கள் படத்தையும் நான்தான் எடுத்தேன், இரண்டு தடவை. அலமாரியில் மூன்றாவது தட்டு. கீழ்த்தாடை, இடது பக்கம். அதற்குமேல் சபையில் சொல்வது முறையல்ல. போய்ப் பாருங்கள்.

இடம் கொடுத்த சபைக்கும், இடையில் எழுந்து போகாத பெரியோர்களுக்கும், கையை இறக்கும்போது முகத்தையும் இறக்கிக்கொண்ட தாய்மார்களுக்கும் என் நன்றி. நினைவுப் பரிசை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். எல்லாருக்கும் வணக்கம்.